மாலை நேர ஹொக்கியன் வகுப்பு: 180 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது?

ஹொக்கியன் சீனக் கிளைமொழிகளில் ஒன்று. வகுப்பு எட்டு வாரம். வியாழக்கிழமை மாலை ஏழரையிலிருந்து ஒன்பது மணி வரை. கட்டணம் 180 வெள்ளி. இடம், சிங்கப்பூரின் டெலோக் ஆயர் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது. நடத்துவது ஒரு சிறு குழு. விளம்பரம் வேண்டாம், இருக்கிற நாற்காலிகளுக்கே ஆள் கூடிவிடுகிறது என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் பெயரைப் போடவில்லை. இது போன்ற வகுப்புகள் சில குலமரபுச் சங்கங்களிலும் சமூக மன்றங்களிலும் நடக்கின்றன. எதில் சேர்வதாக இருந்தாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்த விமர்சனம் உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஹொக்கியன் பேசும் தாத்தாவோ பாட்டியோ இருக்கிற சீன இளையருக்கு, இந்த 180 வெள்ளியை வேறு எதில் போட்டாலும் இவ்வளவு திரும்பி வராது. மொழி ஆர்வத்துக்காக மட்டும் வருகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

நான் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் தாதி. எங்களிடம் வரும் சீன மூத்தோரில் எண்பது வயதைத் தாண்டிய பலர் ஹொக்கியன், டியோச்சு, கேண்டனீஸ் போன்ற கிளைமொழிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். பொதுச் சீனமொழியான மாண்டரின் அவர்களுக்குப் பிற்பாடு வந்தது. மறதி நோய் முற்றும்போது, பிற்பாடு வந்த மொழிதான் முதலில் நழுவுவதை நான் வேலையில் பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் சீனத் தோழிக்கு வயது இருபத்தேழு. அவள் ஒரு பாட்டியிடம் மாண்டரினில் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பாள். பாட்டி ஹொக்கியனில் பதில் சொல்வார். ஜொகூரிலிருந்து தினமும் வரும் ஊழியர் ஒருவர் நடுவில் நின்று மொழிபெயர்ப்பார். அவர் விடுப்பில் போனால் எங்கள் பாடு சிரமம்தான். அந்தத் தோழிதான் இந்த வகுப்பைக் கண்டுபிடித்து என்னையும் சேர்த்துவிட்டாள். வந்தவர்கள் பதினைந்து பேருக்குள். பெரும்பாலும் இருபதுகளில், முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் சீனர்கள்.

சொந்தப் பாட்டியின் மொழியைப் பணம் கட்டிக் கற்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று தமிழ் நண்பர்கள் கேட்கிறார்கள். சிங்கப்பூர்ச் சீனர்களில் ஐந்தில் இரண்டு பங்கு ஹொக்கியன்காரர்கள். அதற்கடுத்து டியோச்சு, கேண்டனீஸ். ஒரு காலத்தில் சந்தையிலும் பேருந்திலும் துறைமுகத்திலும் சீனர்களிடையே பொதுமொழியாக ஓடியது ஹொக்கியன்தான். நம் ஆட்களில் பழைய தலைமுறையினர் பலர் அதை நன்றாகப் பேசுவார்கள். பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும், வீட்டில் வேறொரு மொழி என்றால் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று அரசாங்கம் கருதியது. 1979 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். மாண்டரினை அதிகம் பேசுங்கள், கிளைமொழியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் முழக்கம். வானொலி, தொலைக்காட்சியிலிருந்து கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக எடுக்கப்பட்டன. அவரே ஹொக்கியனில் உரையாற்றுவதை நிறுத்திக்கொண்டார். நாம் தேக்கா என்று சொல்லும் சந்தைக்குக்கூட 1980களின் தொடக்கத்தில் ஜூஜியாவ் நிலையம் என்று மாண்டரின் உச்சரிப்பில் பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் அது ஏறவில்லை. 2000இல் தேக்கா நிலையம் என்றே மாற்றினார்கள்.

இயக்கம் நினைத்தது நடந்தது. ஆனால் மாண்டரினையும் தாண்டிக்கொண்டு ஆங்கிலம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசுவது சீனக் கிளைமொழி என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 2010இல் 14.3 விழுக்காடு, 2020இல் 8.7 விழுக்காடு. அதே பத்து ஆண்டில் மாண்டரின் 35.6 விழுக்காட்டிலிருந்து 29.9க்கு இறங்கியது, ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. தமிழ் 3.3இலிருந்து 2.5. இந்தக் கடைசி எண்ணைத் தெரிந்துவைத்திருக்கிற எவரும் ஹொக்கியன் வகுப்பை வேடிக்கை பார்க்க முடியாது.

என் கணவர் மலையாளி. பள்ளியில் அவருக்குத் தாய்மொழிப் பாடம் தமிழ். வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகிய ஐந்தும் பின்னர் பாடமாக வந்தன. மலையாளம் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் அம்மாவிடம் ஒரு மொழி பேசி, தேர்வில் இன்னொன்றைத் "தாய்மொழி" என்று எழுதியவர். வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரர்களின் கதையை வீட்டில் சொன்னபோது அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

சரி, வகுப்புக்கு வருவோம்.

இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒருவர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. பல ஆண்டுகள் ஈரச்சந்தையில் மீன் கடை வைத்திருந்தவர். எல்லாரும் அவரை ஆன்ட்டி என்றே கூப்பிடுகிறோம். மற்றவர் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்த இளைஞர். ஆன்ட்டி பேசுவார், இளைஞர் பிரித்துக் காட்டுவார். வகுப்பின் முதல் இருபது நிமிடம் புத்தகமோ தாளோ கிடையாது. ஆன்ட்டி ஒரு கதை சொல்வார். விடியற்காலை மூன்று மணிக்கு ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்தது, நம் தமிழ்ப் பெண்கள் தேங்காய்ப்பாலுக்கு ஏற்ற மீன் எது என்று கேட்டு வாங்கியது, கடன் சொல்லிவிட்டு வராமலே போனவர்கள். பாதி புரியும், பாதி புரியாது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார். நான் சேர்ந்த மொழி வகுப்புகளிலேயே காதுக்கு இவ்வளவு வேலை கொடுத்தது இதுதான்.

முதல் மாலையில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள்: உங்கள் முழுப்பெயரை ஹொக்கியனில் சொல்லுங்கள். இங்கே பல சீன இளையரின் பெயர் இரண்டு உச்சரிப்பில் நிற்கிறது. டான், லிம், ஓங் என்று குடும்பப் பெயர் தாத்தா காலத்து உச்சரிப்பில். பின்னால் வரும் சொந்தப் பெயர் பள்ளி மாண்டரின் உச்சரிப்பில். தன் பெயரைப் பாட்டி எப்படிச் சொல்வார் என்று மூன்று நான்கு பேருக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே செல்லப்பெயர்தானாம். ஒரு பெண் அங்கேயே படிக்கட்டில் போய் நின்று பாட்டிக்குப் போன் போட்டுக் கேட்டாள். திரும்பி வந்து சொன்னபோது ஆன்ட்டி அவளை மூன்று தடவை சொல்லவைத்தார். அதில் ஒரு தொனி வழுக்கியது.

தொனிதான், அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரலின் ஏற்ற இறக்கம்தான், இந்த மொழியின் கஷ்டம். மாண்டரினில் நான்கு, ஹொக்கியனில் ஏழு. போதாததற்கு, ஒரு சொல்லைத் தனியாகச் சொன்னால் ஒரு தொனி, அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொன்னால் வேறு தொனி. மாண்டரின் தெரிந்தவர்கள் இதில் அதிகம் இடறினார்கள். எழுத்தைப் பார்த்ததும் மாண்டரின் தொனி தானாக வாயில் வந்துவிடுகிறது. தமிழ் பேசுகிறவர்களுக்கு வேறு இடத்தில் சலுகை. ஹொக்கியனில் மூக்கொலி உயிரெழுத்துகள் நிறைய. "மரம்", "வந்தான்" என்று நாம் பேச்சில் சொல்லும்போது கடைசி மெய் கரைந்து மூக்கில் போகிறதே, அதே ஒலிதான். எண்ணில் மூன்றையும் வலியையும் பயத்தையும் சொல்வதற்கு அது வேண்டும். எனக்கு முதல் தடவையே வந்தது. நாம், நாங்கள் என்ற பிரிவும் ஹொக்கியனில் உண்டு. கேட்கிறவரைச் சேர்த்து ஒன்று, விட்டுவிட்டு ஒன்று. ஆங்கிலத்தில் யோசித்துப் பழகிய பிள்ளைகள் அதில் நீண்ட நேரம் நின்றுவிட்டார்கள். ஆனால் ப-வை மூச்சோடும் மூச்சில்லாமலும் அழுத்தியும் மூன்று விதமாகச் சொல்வதில் என் நாக்கு இன்னும் போராடுகிறது.

நான்காம் வாரத்தில் உறவுமுறை பாடம் வந்தது. மொத்த வகுப்பிலும் சிறந்தது அதுதான் என்பேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே சீனப் பிள்ளைகள் பலருக்கு எல்லாரும் அங்கிள், எல்லாரும் ஆன்ட்டி. ஹொக்கியனில் அப்பாவின் அண்ணன் "ஆ பெ", தம்பி "ஆ செக்", அப்பாவின் சகோதரி "ஆ கோ", அம்மாவின் சகோதரன் "ஆ கூ", அம்மாவின் சகோதரி "ஆ ஈ". பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி என்று கேட்டே வளர்ந்த எனக்கு மனப்பாடம் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. ஒரு பெரிய தாளில் அவரவர் குடும்ப மரத்தை வரைந்து, ஒவ்வொருவருக்கும் கீழே உறவை எழுத வேண்டும். பலர் தாளில் ஓட்டைகள். அப்பாவுக்கு அண்ணனா தம்பியா என்று தெரியாத அங்கிள்கள். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஒரு பெரிய அத்தை. வீட்டுப்பாடம் இதுதான்: ஒரு வாரத்துக்குள் அந்த ஓட்டைகளை அடையுங்கள், அதில் ஒருவரை நேரில் பார்த்து அந்த முறைசொல்லி ஒருமுறையாவது கூப்பிடுங்கள்.

அடுத்த வியாழன் எல்லாரும் பேசியது அதைப் பற்றித்தான். மருந்தகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் தன் அப்பாவின் அண்ணன் வீட்டுக்கு, தோ பாயோவுக்குப் போயிருக்கிறாள். சீனப் புத்தாண்டுக்கு மட்டும் போகிற வீடு. "ஆ பெ" என்று கூப்பிட்டதும் அவர் டிவியை அணைத்துவிட்டாராம். இரவு பத்தரை வரை பேசியிருக்கிறார். அவள் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், போட் கீயில் யாரோடு மூட்டை தூக்கினார் எல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. "எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை என் கசின் சொன்னான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்னொருவர் பொறியாளர். வேலைக்காக இரண்டு ஆண்டு ஷாங்ஹாயில் இருந்தவர். அங்கே வாய் திறந்தாலே எந்த நாடு என்று கேட்பார்களாம். இங்கே படிவத்தில் எல்லாம் சீனர். "அங்கே நான் சிங்கப்பூரன், இங்கே சீனன், பாட்டி வீட்டில் ஊமை" என்றார். ஹொக்கியன் கற்றால் தான் இன்னும் அதிகச் சீனனாகிவிடுவோம் என்று அவர் வரவில்லை. சீனாவோடு அதற்குச் சம்பந்தமே இல்லை என்பதுதான் அவர் கட்சி. ஆன்ட்டி பேசும் ஹொக்கியனில் ரொட்டிக்கு "லோ தி", சந்தைக்கு "பா சாட்", பிடிக்கும் என்பதற்கு "சு கா" என்று மலாய் ஊறிக் கிடக்கிறது. அது இந்தத் தீவில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசிப் பேசி உண்டான மொழி. அந்தப் பொறியாளர் இதை எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டார். ஆண்களில் சிலருக்குத் தேசிய சேவையில், கட்டாய ராணுவப் பயிற்சியில், கற்ற ஹொக்கியன் மட்டும் உண்டு. அது எப்படிப்பட்ட சொற்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆன்ட்டி அதைக் கண்டிக்கவே இல்லை. உச்சரிப்பு சரியாக இருக்கிறது, இனி நல்ல சொற்களையும் அதே மாதிரி சொல் என்றார்.

என்னை அதிகம் பாதித்தது ஓர் இளைஞன். அப்பா தமிழர், அம்மா ஹொக்கியன்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவான். அப்பாவின் இனப்படி பள்ளியில் தமிழ் படித்தான், நன்றாகவும் படித்தான். வளர்த்தது அம்மாவின் அம்மா. "அக்கா, பாட்டி என்னைத் திட்டினா மட்டும் எனக்கு எல்லாம் புரியும். கதை சொன்னா ஒண்ணும் புரியாது" என்றான். 2011இலிருந்து அடையாள அட்டையில் இரண்டு இனத்தையும் சேர்த்துப் போடலாம். அவனும் போட்டிருக்கிறான். "கார்டுல போட்டாச்சு. பாட்டிகிட்ட பேச வரலையே" என்று அவன் சொன்னதற்கு நான் என்ன சொல்ல முடியும்? உறவுமுறை பாடத்தில் எல்லாரையும்விட வேகமாக முடித்தவன் அவன்தான். தமிழில் ஏற்கெனவே பெட்டிகள் இருந்தன, பெயரை மட்டும் மாற்றிப் போட்டான்.

எனக்கு நேரடியாகக் கிடைத்தது என்ன? "தா லோ தியா?" எங்கே வலிக்கிறது என்று கேட்க முடிகிறது. சாப்பிட்டாயிற்றா, தண்ணீர் வேண்டுமா, பயப்படாதீர்கள், மெதுவாக நடங்கள். இவ்வளவுதான். ஆனால் நிலையத்தில் ஒரு பாட்டி குளிக்கக் கூப்பிட்டாலே கையைத் தட்டிவிடுவார். இப்போது ஆன்ட்டி சொல்லிக்கொடுத்த தொனியில் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறேன். பிறகு குளியல். கை தட்டுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. தோழிக்கு இன்னும் நன்றாக வருகிறது. அந்தப் பாட்டி அவளை இப்போது பேத்தி என்று கூப்பிடுகிறார். அவள் சொந்தப் பாட்டி இறந்து ஐந்து ஆண்டு ஆகிறது.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைக்க விருப்பமில்லை. முதலாவது, எழுதிக் கொடுக்கும் தாள்கள். ரோமன் எழுத்தில் மனம்போன போக்கில் எழுதியிருக்கிறார்கள், தொனிக்குறி இல்லை. வீட்டுக்குப் போய்ப் படித்தால் எது எந்தத் தொனி என்று தெரியாது. தைவானின் கல்வி அமைச்சு 2006இல் வெளியிட்ட ரோமன் முறை தயாராக இருக்கிறது. அதன் இணைய அகராதியில் ஒலியும் கேட்கலாம், இலவசம். நம் ஊர்ச் சொற்கள் அதில் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் குறியீட்டையாவது எடுத்துக்கொள்ளலாமே. இரண்டாவது, ஆன்ட்டியின் கதைகளை ஒலிப்பதிவு செய்து தருவதில்லை. வகுப்பின் பெரிய சொத்தே அந்தக் குரல்தான். நானும் வேறு சிலரும் கேட்டுவிட்டோம், அவருக்குக் கூச்சமாக இருக்கிறதாம். மூன்றாவது, விளக்கம் பாதி மாண்டரினில் போகிறது. சீன எழுத்து தெரியாத எனக்கும், தமிழ் படித்த அந்தத் தம்பிக்கும் அது சுவர். கேட்டால் ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் வகுப்பை அன்று மதியம்தான் தள்ளிவைத்தார்கள். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வருகிற தாதிகளுக்கு இது பெரிய தொந்தரவு. கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை, அதையும் சேரும் முன்னே தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட ஒரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. எட்டு வாரத்தில் ஆன்ட்டியைத் தவிர வேறு எந்த மூத்தவரும் அறைக்குள் வரவில்லை. மாடிப்படி ஏற முடியாது என்பது ஒரு காரணம். அப்படியானால் வகுப்பு கீழே இறங்க வேண்டும். கடைசி இரண்டு வாரத்தை ஒரு கோப்பிக்கடையிலோ எங்கள் நிலையம் போன்ற இடத்திலோ நடத்தினால், கற்றதை அங்கேயே பேசிப் பார்க்கலாம். தமிழில் நமக்கு இந்த அனுபவம் இருக்கிறது. பள்ளித் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் நடுவே பிள்ளைகள் தவிக்கிறார்கள் என்று பார்த்துத்தான், பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவர 2005இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. புத்தகத்திலேயே நிற்கும் மொழி பிள்ளையின் வாய்க்கு வராது. மூத்தோருக்கு அரசாங்கத் திட்டங்களை விளக்க 2016இல் ஹொக்கியனிலேயே ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள், எங்கள் நிலையத்து மூத்தோர் அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச ஆசை இருக்கிறது. பேச ஆள்தான் வேண்டும். குழுவிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் மேலாளரும் ஒரு சனிக்கிழமைக் காலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். டெலோக் ஆயர் எம்ஆர்டியிலிருந்து சில நிமிட நடை. கொஞ்சம் முன்னதாகப் போனால் தியான் ஹொக் கெங் சீனக் கோயிலையும், அதே தெருவில் நம் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்காவையும் பார்த்துவிட்டுப் போகலாம். கோயில் 1842இல் கட்டி முடிந்தது, தர்கா அதற்கும் மூத்தது. குளிரூட்டி பலமாக ஓடும், மேலே போட ஏதாவது எடுத்துப் போங்கள். அரிச்சுவடியிலிருந்து எழுதப் படிக்கக் கற்க நினைப்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. தாதிகள், மருத்துவமனை உதவியாளர்கள், இல்லப் பராமரிப்பாளர்கள், எந்த இனமானாலும் தாராளமாகச் சேரலாம். சில முதலாளிகள் கட்டணத்தில் ஒரு பங்கு தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

நானும் தோழியும் இரண்டாம் நிலைக்குப் பதிந்துவிட்டோம். அந்தத் தம்பியும் வருகிறான். எங்கள் நிலையத்தில் டியோச்சு பேசும் மூத்தோரும் இருக்கிறார்கள், அவர்களுக்காக டியோச்சு வகுப்பும் வேண்டும் என்று கேட்டோம். சொல்லிக்கொடுக்க ஒருவர் கிடைத்திருக்கிறார். பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்குவார்களாம். இதுவரை ஆறு பேர் இருக்கிறோம்.